மப்புக்கு எத்தனை படி

நான் இதுவரை ஒரு சொட்டு மதுகூடக் குடித்ததில்லை. (பிளம் கேக்கில் ஊற்றுவதெல்லாம் கணக்கில் வராது என்று என் கணவர் சொல்லியிருக்கிறார்.) ஆனால் குடிகாரி என்ற ஒரே காரணத்துக்காக என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. காலை பதினோரு மணிக்கு, பூதலூருக்குப் பக்கத்தில், நடவு வயல் சேற்றில் குப்புற விழுந்து கிடந்த கோலத்தில்தான் என் வருங்கால மாமியார் என்னை முதன்முதலாகப் பார்த்தார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் காரை விட்டு இறங்காமலேயே வேறு ஜாதகம் தேடச் சொல்லியிருப்பேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, எங்கள் வட்டாரப் பேச்சில் குடிபோதையைக் குறிக்கும் சொற்கள். அதை நானே விரும்பி எடுத்தேன் என்பதை என் அம்மா கடைசிவரை நம்பவில்லை. ஏதோ தண்டனையாகக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். சொந்தக்காரர்கள் கேட்டால், "பாப்பா வயல்ல ஆராய்ச்சி பண்ணுது" என்று மட்டும் சொல்லி பேச்சை மாற்றிவிடுவார். அது பொய்யும் இல்லை. நான் போய் உட்காரும் இடம் வயல்தான்.

என்னைப் பாடாய்ப் படுத்திய சொல் மப்பு. எங்கள் பக்கத்தில் வானம் மூடிக்கொண்டிருந்தால் மப்பு. தின்றது செரிக்காமல் வயிறு கனத்தாலும் மப்பு. திமிர் பிடித்தவனைப் பார்த்து "அவனுக்கு மப்பு ஜாஸ்தி" என்போம். குடித்தவனுக்கும் மப்பு. இது எங்கிருந்து எங்கே போனது என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, மப்பு என்றால் எவ்வளவு என்பது. கல்லூரிப் பையன்கள் ஆள் விழுகிற நிலையை மப்பு என்றார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால், "அதெல்லாம் சும்மா ஆரம்பம்தாங்க" என்றார்கள். என் நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "மப்பு, சுதி, மெதப்பு, மட்டை. இதுல எது முதல் படி, எது கடைசிப் படின்னு தெரியாம நாலு வருஷம் ஆராய்ச்சி பண்ணி என்னம்மா பிரயோஜனம்? வரிசைப்படுத்திட்டு வாங்க."

வரிசைப்படுத்த ஆண்களிடம் போனேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். கேள்வித்தாளை நீட்டினால், "எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க, அந்தா போறானே அவனைக் கேளுங்க" என்பார்கள். அந்தா போகிறவன் இன்னொருத்தனைக் காட்டுவான். இப்படியே போனால் தஞ்சாவூர் ஜில்லாவில் குடிக்கிறவரே கிடையாது என்றுதான் நான் முடிவுரை எழுத வேண்டியிருக்கும். இரண்டு மாதம் வெயிலில் அலைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. குடித்தவனுக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாது. அதைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருப்பவள் அவன் பெண்டாட்டி.

அப்படித்தான் பூதலூர் பக்கத்தில் சம்பா நடவுக்குப் போகும் ராசாத்தி அக்காவின் கோஷ்டியைப் பிடித்தேன். பன்னிரண்டு பெண்கள். பத்தரை, பதினோரு மணிக்கு டீயும் போண்டாவும் வரும். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த நேரம்தான் எனக்கு. ஆனால் அவர்களிடமும் "மப்பு என்றால் எவ்வளவு" என்று கேட்டால் வாயால் சொல்லத் தெரியவில்லை. "அது பாத்தாத் தெரியும் பாப்பா" என்று முடித்துவிட்டார்கள்.

பார்த்தால் தெரியும் என்றால் காட்டிவிட்டால் போகிறது என்று தோன்றியது. நான் குடித்தவன் போல நடித்துக் காட்டுவது, அவர்கள் அந்த நிலைக்குப் பெயர் சொல்வது, போனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்வது. என் துறையிலேயே இதற்கு முன்னால் யாரும் இப்படிச் செய்ததில்லை என்ற பெருமை வேறு. (ஏன் செய்யவில்லை என்று யோசித்திருக்கலாம்.)

இந்த இடத்தில் அருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருள் எனக்கு முன்பின் தெரியாத பையன் என்பது இரண்டு வீட்டாரின் நம்பிக்கை. உண்மையில் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே மின்விசிறிக்குக் கீழே இரண்டு வருஷம் உட்கார்ந்தவர்கள் நாங்கள். காதல் என்று சொன்னால் இரண்டு பக்கமும் ரணகளம் ஆகும். அதனால் ஒரு தரகரைப் பிடித்து, என் ஜாதகம் தற்செயலாக அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தோம். ஜாதகமும் எங்கள் மேல் இரக்கப்பட்டுப் பொருந்திவிட்டது. இனிமேல் அவர்கள் வந்து பெண் பார்த்து, நான் அவனை முதல் தடவை பார்ப்பதுபோல் தலை குனிந்தால் போதும். அந்தத் தலைகுனிவை நான் கண்ணாடி முன்னால் நின்று பழகியும் வைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. கோயிலிலோ பஸ் ஸ்டாப்பிலோ தள்ளி நின்று பார்ப்பார்கள். பட்டுப்புடவையும் பவுடரும் இல்லாமல் பெண் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான். அருளின் அப்பாவும் அம்மாவும் மகனிடம்கூடச் சொல்லாமல் தாராசுரத்திலிருந்து கிளம்பி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். எதிரே இஸ்திரி போடுகிறவர், "பாப்பாவா? பூதலூர் பக்கம் வயலுக்குப் போயிருக்கு. ஆராய்ச்சி" என்று இடத்தோடு சொல்லியிருக்கிறார். மருமகள் விதைநெல் ஆராய்ச்சி செய்கிறாள் என்று நினைத்து, பூதலூர் வரும்வரை தான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்ததாக மாமியார் பிற்பாடு சொன்னார்.

நானோ அங்கே பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். பதிவை ஓடவிட்டு, போனை ராசாத்தி அக்கா மடியில் செருகினேன். பிறகு கண்ணைப் பாதி மூடி, காரணமே இல்லாமல் சிரித்தபடி மெதுவாக நடந்து வந்தேன்.

"இதுதான் பாப்பா மப்பு!" என்றார் ராசாத்தி அக்கா. "வானம் மாதிரிதான். மூடிக்கிட்டு இருக்கும், பேயாது. உள்ள போட்டது வெளிய தெரியலைன்னு அவரு நெனப்பு. செருப்ப ஒழுங்கா ஜோடி சேத்து விடுவாரு. மத்த நாள்ல விட மாட்டாரு."

"சாம்பார் பிரமாதம்டிம்பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அன்னிக்கு நாம சாம்பாரே வச்சிருக்க மாட்டோம்" என்றது இன்னொன்று. வரப்பே குலுங்கியது.

முதல் படி கிடைத்துவிட்ட வெறியில் நான் அடுத்ததற்குத் தாவினேன். கையை நீட்டி, "ஏய், யாருன்னு நெனச்சே என்னை? கலெக்டரே எனக்குப் பழக்கம்டி!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். "சுதி! சுதி ஏறிடுச்சு!" என்றார்கள். இரண்டு கையையும் விரித்து வரப்பில் கோணல்மாணலாக நடந்தேன். "மெதப்பு!" என்றார்கள். நான்காவது படியை நான் நடிக்கவில்லை. ஈர வரப்பு, கால் வழுக்கியது, உழுது பரம்படித்துச் சமன்செய்து வைத்திருந்த சேற்றில் முகம் பதியப் போய் விழுந்தேன். பன்னிரண்டு பெண்களும் எழுந்து நின்று கை தட்டி, "மட்டை! மட்டை!" என்று கூவினார்கள்.

வாய்க்கால் கரை ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றது எனக்குத் தெரியாது.

நான் எழுந்து கண்ணிலிருந்த சேற்றை வழிக்கும்போது வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் வரப்போரமாக நின்றிருந்தார். "என்னம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார். நல்ல மனுஷர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கு மட்டும் அவர் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆணாகத் தெரிந்தார். என் பட்டியலில் அந்த வயதில் ஒருவர்கூட இல்லை. அக்கா மடியிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றேன். முன்பின் பார்க்காத மனுஷரிடம் இந்தக் கோலத்தில் போகலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அந்த நாளில் எனக்கு அறிவு இல்லை.

"ஒரு சர்வேங்கய்யா. அஞ்சு நிமிஷம்தான். வயசு?"

"அறுபத்தொண்ணு."

"சொந்த ஊருங்கய்யா?"

"தாராசுரம்."

கும்பகோணம் பக்கத்து ஆள் கிடைத்துவிட்டார் என்று மனசுக்குள் துள்ளினேனே தவிர, வேறு எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

"மது அருந்தும் பழக்கம் உண்டுங்களாய்யா?"

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி ஓரடி நகர்ந்தார். "பேரு போடுவீங்களாம்மா?"

"சத்தியமாப் போட மாட்டோம்ங்கய்யா. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டோம்."

"மாசத்துல ஒரு நாள்" என்றார் தணிந்த குரலில். நான் மப்பு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சுவாரஸ்யமாகிவிட்டார். அத்தனை வருஷமாக அவரிடம் யாரும் அதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டதில்லை போலும். "மப்புங்கிறது வழியில இருக்கணும்மா. வீட்டு வாசப்படியோட கலைஞ்சிடணும். கலையாம உள்ள வந்துச்சுன்னா அதுக்குப் பேரு மப்பு இல்ல, மழை. எங்க வீட்டுல இன்னிவரைக்கும் அவளுக்குத் தெரியாது பாருங்க" என்று கொஞ்சம் கர்வமாகவே சிரித்தார். நான் இப்படியொரு விளக்கத்துக்காக நாலு மாதம் அலைந்திருந்தேன். அவர் காலில் விழாத குறைதான்.

நன்றி சொல்லித் திரும்பப் போனேன். "இங்க மலர்விழின்னு ஒரு பொண்ணு ஆராய்ச்சிக்கு வருமாமே, பாத்தீங்களாம்மா?" என்றார்.

"நான்தாங்கய்யா மலர்விழி."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. திரும்பி நடந்தார். இடது கால் செருப்பு வரப்புச் சேற்றிலேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூட நிற்கவில்லை. அறுபத்தொரு வயது, தாராசுரம், என் பெயரைச் சொல்லித் தேடுகிறார். இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க, இரண்டு பட்டம் வாங்கிய எனக்குக் கார் கண்ணிலிருந்து மறையும்வரை நேரம் பிடித்தது. பிறகு நானே போய் மறுபடியும் சேற்றில் உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானமே அருள் போன் செய்தான். "என்ன பண்ணித் தொலைச்சே? அம்மா வந்ததுலேருந்து அழுவுறாங்க. காலையிலேயே குடிச்சுட்டு வயல்ல உருள்ற பொண்ணு வேணாங்குறாங்க."

"அது நடிப்பு அருள்! ஆராய்ச்சி!"

"அதான் நானும், தெரியாத பொண்ணுக்குப் பேசுற மாதிரி, ஆராய்ச்சியா இருக்கும்னு சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டேங்குறாங்க. அப்பா உன்கிட்ட பத்து நிமிஷம் பேசிக்கிட்டு நின்னாராமே? அவராவது சொல்லலாம்ல? அதுதான் பொண்ணுன்னு அம்மாகிட்ட சொன்னதோட சரி, வழி கேட்டேன், வழி கேட்டேன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு."

பாவம், அவர் வேறு என்ன சொல்வார்? அது ஆராய்ச்சிதான் என்று சொன்னால், உங்களை என்ன கேட்டாள் என்ற கேள்வி வரும். என்ன கேட்டேன் என்று சொன்னால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று வரும். எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை நானே கட்டிப்போட்டிருந்தேன். நானும் அருளிடம் சொல்ல முடியாது. சத்தியம் செய்திருக்கிறேன். அவன் இல்லாவிட்டால் நான் வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடுத்த நாலு நாளும் சோறு இறங்கவில்லை. என் அம்மா சூடம் ஏற்றி எனக்குத் திருஷ்டி கழித்தார்.

அருள் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, "ஒரு தடவை நேர்ல பாத்துக் கேட்டுடுங்கம்மா" என்று ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தான். அப்பா, அம்மா, அவன் அப்பா, அம்மா, அவன், நான். ஆறு பேரும் கேசரித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பழகி வைத்திருந்த தலைகுனிவு தானாகவே வந்தது.

"நேராவே கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அருளின் அம்மா. "நீ குடிப்பியாம்மா?"

"இல்லைங்க ஆன்ட்டி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த என் அப்பாவுக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும். அவர் பிரகாசமாகச் சொன்னார்: "எதுக்கு வீண் பேச்சு? அன்னிக்கு நடந்தது எல்லாம் போன்ல இருக்குல்ல பாப்பா? போட்டுக் காட்டு."

எல்லாம் இருந்தது. அதுதான் பிரச்சினை. அன்று விழுந்து எழுந்த அவசரத்தில் நான் பதிவை நிறுத்தவே இல்லை. நடவுப் பெண்கள் பேச்சு முடிந்ததும் நேராக அருளின் அப்பா குரல் வரும், அடுத்து "வயசு? அறுபத்தொண்ணு" என்று ஆரம்பிக்கும். அருளின் அப்பாவைப் பார்த்தேன். வாயில் போட்ட கேசரியை அவர் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

வேறு வழியில்லாமல் போனை டீப்பாயில் வைத்து ஓடவிட்டேன். ஒரு விரலை நிறுத்தும் இடத்துக்கு மேலேயே வைத்திருந்தேன். கூடத்தில் ராசாத்தி அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. உள்ளே போட்டது வெளியே தெரியவில்லை என்று அவருக்கு நினைப்பு. செருப்பை ஜோடி சேர்த்து விடுவார். சாம்பார் பிரமாதம் என்பார்.

"நிறுத்து" என்றார் அருளின் அம்மா. "அதைத் திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். இந்தத் தடவை அவர் போனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். பதிவு ஓடியது. நான் கத்தினேன், விழுந்தேன், கை தட்டினார்கள். "என்னம்மா, உடம்புக்கு ஏதும்" என்று ஆண் குரல் ஆரம்பித்த அந்த நொடியில் விரலை அழுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே? அடுத்து அவரு பேசுறதுதானே?"

"ஆன்ட்டி, ஆராய்ச்சிக்குப் பேசினவங்க யாரு, என்ன சொன்னாங்கன்னு வெளிய சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நான் அவரு சம்சாரம்மா."

"தெரியும் ஆன்ட்டி. ஆனாலும் சொல்ல மாட்டேன்." கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அருள் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி, நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன். எங்க வீட்டுல அதுக்குப் பேரு கமிட்டி."

"கமிட்டியா?" என்றார் என் அப்பா.

"வாய்க்கால் பாசனக் கமிட்டிங்க. மாசக் கடைசியில கூட்டம்னு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் போவாரு. மேட்டூரை மூடி, வாய்க்கால்ல ஆடு மேயுது, அப்பவும் கமிட்டி நடக்குது. தண்ணியே வராத வாய்க்காலுக்கு என்ன முறை வைப்பாங்க இவங்க? வந்து செருப்ப ஜோடி சேத்து விட்டுட்டு, சாம்பார் பிரமாதம்பாரு. பதினெட்டு வருஷமா."

மாமா (அந்த நிமிஷத்திலிருந்து அவரை மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தேன்) கேசரியை ஒருவழியாக விழுங்கினார். "தெரியுமா உனக்கு?"

"மத்த இருபத்தொம்பது நாளும் உப்பு பத்தலை, புளி தூக்கலா இருக்கும்பீங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"மாசத்துல ஒரு நாளாவது உங்க வாயில நல்ல வார்த்தை வருதேன்னுதான்."

மாமா தலை குனிந்துகொண்டார். என்னுடையதைவிட நல்ல தலைகுனிவு அது, பழகாமலே வந்தது. அந்த அம்மா கேசரித் தட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "சாப்பிடும்மா, இளைச்சுப் போயிருக்கே" என்றார். பிறகு என் அம்மா பக்கம் திரும்பி, "பொண்ணு சொல்ல மாட்டேன்னா மாட்டேன்னு நிக்கிறா. இப்படி ஒருத்தி எங்க வீட்டுக்கு வேணும்" என்றார். நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, நான் கேசரியைப் பார்த்தே அழுதுவிட்டேன். அழுகையோடு ஒரு தட்டு முழுவதையும் தின்றேன் என்பதை அருள் இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

ஆராய்ச்சியும் முடிந்தது. மப்பு முதல் படி என்றும், வானத்து மப்புதான் மனுஷனுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்றும் எழுதினேன். மாமாவின் வாசப்படி விளக்கம் பெயரில்லாமல் உள்ளே இருக்கிறது. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "யாரும்மா இவரு, பெரிய ஞானியா இருக்காரே" என்று கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை. (இப்போது எழுதுவதற்கு மாமாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அத்தை அனுமதி கேட்கவே விடவில்லை, எழுது என்றார்.)

கமிட்டி அந்த மாதத்தோடு கலைந்தது. பெண்டாட்டிக்குத் தெரிந்துபோன பிறகு அதில் ருசியே இல்லை என்று மாமா சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்து போன மறுநாள் காலையில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வாயோடு, "இட்லி நல்லாருக்கு" என்று அவர் சொல்ல, அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, ஊதுங்க" என்றாராம். அவரும் ஊதியிருக்கிறார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் எதை நன்றாயிருக்கிறது என்று சொன்னாலும் ஊதிக் காட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா ஊதியிருக்கிறார். பத்திரிகை வைக்க வந்தவர்கள் ஊதியிருக்கிறார்கள். என் ஐந்து வயது மகள், பாயசம் பிடித்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து போய்ப் பாட்டி முகத்தில் ஊதிவிட்டு வந்து உட்காருவாள். மாமா மட்டும் மூன்று வேளையும் ஊதுகிறார். உப்பே போடாத ரசத்தைக்கூட நல்லாருக்கு என்கிறார். அத்தையும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய், பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை" என்று எங்களிடம் அறிவிக்கிறார்.